எரிவாயு ஏரி

ஆக்ஸிஜன் சிலிண்டரை அப்பாவின் கூட்டாளி நெட்டையும் அவளுமாக மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்ததில் வலது தோள் கழன்றுவிடும்போல வலித்தது. நீவிவிடக்கூட நேரமில்லை. அதற்குள் அப்பா மாஸ்க்கை இழுத்துவிட்டு ஆரம்பித்துவிட்டார்.

"சனிக்கு ஒரு நிலா இருக்கு பாரு, டைட்டன். அங்க ஏரி ஏரியா கேஸு. மழையே கேஸாத்தான் பெய்யுது."

தலை நரைக்கும்வரை வீடுவீடாகச் சமையல் எரிவாயு சுமந்தவர். நெட்டை அவரோடு அதே வண்டியில் ஓடியவர்; இப்போது ஆக்ஸிஜன் வண்டியில் ஓடுகிறார். படுக்கையில் விழுந்தபின் அப்பா அந்த நிலாவை டிவியில் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. பனிக்கட்டி பாறையாக இறுகிக் கிடக்குமாம். கருமணல் மேடு மேடாக நிற்குமாம். ஊசி போட வந்த நர்ஸிடமும் சொன்னார், மீட்டர் பார்க்க வந்தவனையும் விடவில்லை.

"அவ்வளவும் சும்மா கெடக்கு. தீக்குச்சி கிழிச்சாலும் பத்தாதாம். ஆக்ஸிஜன் கெடையாது."

"நீ இப்படியே பேசினா இங்கயும் இருக்காது." அவளுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. "அடுத்த சிலிண்டர் நாளைக்குக் காலையிலதான். நீ கழட்டி வச்சுட்டுக் கதையளக்கற, அது பாட்டுக்கு வீணாப் போகுது. விடியறவரைக்கும் வரணும்பா இது."

"விடும்மா," என்றார் நெட்டை. "அங்க லோடு இறக்கணும்னு ஆசை அவனுக்கு. மாடிப்படி இல்ல பாரு."

நெட்டை வேலைக்குத் திரும்பினார். அவள் துணி அலசப் போனாள். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். நிலா மறுபடி கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையை முறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. அப்பாடா என்று மிச்சத் துணியையும் உலர்த்திவிட்டே வந்தாள்.

மாஸ்க் ஒழுங்காக மூக்கின் மேல் இருந்தது. தலைமாட்டில் சிலிண்டரின் வால்வு இறுக மூடியிருந்தது. அவர் கை அதன்மேலேயே கிடந்தது. அடுப்பு எரியாதபோது வால்வு திறந்திருந்தால், எந்த வீடானாலும் உள்ளே புகுந்து மூடிவிட்டுச் சண்டை போடுகிறவர். பேசக் கழற்றியபோது மூடியிருக்கிறார். திரும்ப மாட்டியபோது திறக்கவில்லை.

திறந்தாள். உலுக்கினாள். காற்று சீறிக்கொண்டே இருந்தது. எவ்வளவோ நேரம் கழித்து அவளே அதை மூடினாள்.

சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். நாற்காலி போடவில்லை என்று அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். செருப்பைக் காணோம் என்று பெரியப்பா படிதோறும் தேடினார். ஆக்ஸிஜன் வைத்தும் உயிர் நிற்கவில்லையே என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள்.

வேறொரு வீட்டில் கேட்கிறார்கள் என்று சிலிண்டரை எடுக்க வந்த நெட்டை, குனிந்து அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார்.

"என்னம்மா, முக்கால்வாசி அப்படியே இருக்கே?"

அவள் ஈரத் துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு ஒரு முனையைத் தாங்க எழுந்தாள். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, அவர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒற்றையாளாகப் படியிறங்கினார்.

நெட்டைக்கு அவள் ஒரு பதில் பாக்கி.