ஜூன் பதினெட்டு வாய்தா

ஹனீஃபா பாய் தங்கமான மனுஷர்தான். ஆனால் ரோஷம் வந்துவிட்டால் கண்மண் தெரியாது. அந்த ரோஷத்தில்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டுப் படி ஏறினார்.

அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு நாவல் மரம். அது யார் மனையில் நிற்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதன் நிழலில்தான் பாய் பைக் ரிப்பேர் பார்ப்பார். பக்கத்து வீட்டு ஞானம் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். மாடியில் அவர் காயப்போடும் மடி வேட்டி எல்லாம் நாவல் பழக் கறை. பொறுத்துப் பார்த்தவர் ஒரு நாள் மரம் வெட்ட ஆள் கூட்டி வந்தார். பாய் விடுவாரா? எல்லை தீர்ப்பாகும் வரை இரு தரப்பும் ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது என்று தடை உத்தரவு வாங்கி, அதை லேமினேட் செய்து கடையில் மாட்டினார்.

இந்த மே மாதம் மகள் ஃபர்ஹாவுக்கு இங்கேதான் தலைப்பிரசவம் ஆனது. நாற்பதாம் நாள் குளிப்பாட்டித்தான் பேரனை அனுப்புவது என்று பாயும் அவர் மனைவி நிஷாத் பேகமும் ஆசை ஆசையாக இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் அடித்த கோடை மழையில் மரம் அடியில் பிளந்து, குழந்தை தூங்கும் ஷீட் கூரை அறைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பாயிடம் இருப்பது அந்த ஓர் அறையும் முன்னால் கடையும்தான்.

ஞானமே ஓடி வந்தார். "வெட்டிடு பாய். நான் வாயே தொறக்க மாட்டேன். எங்க வேணா கையெழுத்து போடறேன்."

வக்கீல் தலையை ஆட்டினார். "கோர்ட்டு ஆளு வந்து கிளை கிளையா போட்டோ எடுத்துகினு போயிருக்காரு. நீங்க வாங்கின உத்தரவை நீங்களே மீறுவீங்களா? ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தாலும் கோர்ட்டுதான் ஒத்துக்கணும். மனு போட்டுட்டேன். கோர்ட்டு கோடை லீவு முடிஞ்சு ஜூன் பதினெட்டு வாய்தா."

தாலுக்கா ஆபீசில் கேஸ் நடக்கிறது என்றார்கள். மின்சாரக்காரர்களும் அதையே சொன்னார்கள். பாய் இரண்டு நாள் மரத்தைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிப் பார்த்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் ஷீட் கிரீச்சிட்டது. கோபப்பட எதிரிகூட இல்லையே என்று அவருக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் காலை அரக்கோணத்திலிருந்து மருமகன் தன்வீர் ஃபர்ஹாவையும் குழந்தையையும் கூட்டிப்போக ஆட்டோவோடு வந்துவிட்டான். யாரும் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? ஞானம்தான் பையைத் தூக்கிப் போய் ஆட்டோவில் வைத்தார். நிஷாத் பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா," என்றான் தன்வீர். "மரத்த வெட்டினதும் ஒரு போன் பண்ணுங்க. நாப்பது முடியறவரைக்கும் இங்கயே கொண்டாந்து விடறேன்."

ஜூன் ஒன்பதோடு நாற்பது முடிகிறது. பாய் அதை விரல் விட்டு எண்ணி எண்ணி வைத்திருந்தார்.

"ஆங், பண்றேன்பா," என்றார்.