மண்ணில் வைக்கக் கூடாத செம்பு

...பதினெட்டா பத்தொன்பதா, எண்ணிக்கை பிடிபடவில்லை, அந்த முக்கல் மட்டும் காதுக்குள் புழுவாய் நெளிகிறது, ஹ்ம்ம்க்... ஹ்ம்ம்க்... சினை எருமைகூட இப்படி முக்காது என்று உண்ணாமலை நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் கண்ணைச் செம்புக்குள் இறக்கினாள், அங்கே அதைவிட மோசம். காய்ச்சாத எருமைப்பாலில் நாலு பச்சை முட்டை, ஒரு மஞ்சள்கரு உடையாமல் மிதந்து அவளையே பார்க்கிறது. புருஷன் செங்கோட்டையன் வாசலில் உருண்டைக் கல்லை நெஞ்சுக்குத் தூக்குகிறான், இறக்குகிறான், மறுபடி தூக்குகிறான். முடித்துக் கைநீட்டும்வரை பெண்டாட்டி பால்செம்பை ஏந்தி நிற்க வேண்டும், செம்பு மண்ணைத் தொட்டால் பாலின் பலத்தை மண் குடித்துவிடுமாம், இந்த வீட்டு வழக்கம். அவளுக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. உள்ளே தூளியில் ஏழு மாதக் குழந்தை வீறிடுகிறது, காம்பைச் சப்பிச் சப்பி ஏமாந்த அழுகை. மாரில் ஒரு சொட்டு ஊறவில்லை.

நேற்றுக் கேட்டுத்தான் பார்த்தாள், "ஏனுங்க அத்தை, புள்ளைக்கு ஒரு ஒழக்குப் பாலு..." மாமியார் மாரக்காள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெத்தவளுக்கே சொரக்கல, எருமைக்கு மட்டும் எச்சாச் சொரக்குதாக்கும்? கோயில் நோம்பிக்குப் பன்னெண்டு நாளுதான் கெடக்குது. போன வருச நோம்பியில எளவட்டக்கல்லைச் செல்லமுத்து தோளுக்கு ஏத்திப் போட்டான், எம்பையன் இடுப்போட உட்டுட்டான், ஊரே சிரிச்சுது. நீயுந்தான் ரெண்டு வேளை கூழு கரைச்சுக் குடிக்கறே, குடிச்சதெல்லாம் எங்க போவுது புள்ளே?" எங்கே போகிறது... உலக்கையைத் தூக்கிப் போட்டால் கம்பு மாவாகிறது, கயிற்றை இழுத்தால் குடம் நிறைகிறது, அண்ணன் அப்புசாமி மழை பொய்த்து மேட்டூர் அணைக்கட்டுக்குக் கல் சுமக்கப் போனானே, கூழைக் குடித்துவிட்டு அவன் சுமக்கிற கல் சுவரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கல்? நாற்பது தடவை தூக்கினாலும் அதே குழி, தை மாதம் கிடந்த அதே குழி. எருமைப்பாலும் முட்டையும் கொள்ளும் எல்லாம் அக்குள் வழியாகப் புளித்து வழிந்து வேட்டியில் இறங்கும், அந்த வேட்டியை அவள்தான் துவைக்க வேண்டும், தூ...

இப்போது நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் நிற்கிறான். கல் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, ஆனாலும் தொடை வெடவெடக்கிறது, மூக்கு நுனியில் வேர்வை சொட்டுகிறது, எதையும் நகர்த்தாமல் வெறுமனே பிடித்து நிற்பதற்குமா உடம்பு இவ்வளவு கரையும்? செம்பு தளும்பிக் கையில் வழிந்தது. "ஏ புள்ளே, பாலைச் சிந்தறயே! சும்மா நிக்கறவளுக்கு என்ன நடுக்கம்?" என்றாள் மாரக்காள். சும்மாவா... ஏழு மாதமாக விடிந்ததும் இந்தச் செம்பு, வாய்க்குள் அடக்கிய பேச்சு, தொண்டையில் நிறுத்திய குமட்டல், ஒன்றையும் கீழே வைக்கவில்லையே. தின்றதெல்லாம் போனது இங்கேதானோ?

தூளியில் அழுகை நின்றுவிட்டது. தூங்கிவிட்டதா, அழத் தெம்பில்லையா... கண் தூளிக்கும் செம்புக்கும் போய்வந்தது, இந்தப் பால் தன் வயிற்றில் இறங்கினால் மாரில் ஊறாதா? தொம்மென்று கல் குழியில் விழுந்தது. "கொண்டா" என்று செங்கோட்டையன் கையை நீட்டினான், உள்ளங்கையில் மண்ணும் வேர்வையும் பிசுபிசுக்க. செம்பு அவனிடம் போகத்தான் கிளம்பியது, பாதியில் திரும்பி அவள் உதட்டைத் தொட்டது, கொழகொழவென்று கரு நாக்கில் வழுக்கி இறங்கியது.

"அடிப் பாவி, எச்சப் பண்ணீட்டயே! நாக்கு அத்தனை நீண்டு போச்சா உனக்கு?"

மாமியார் கத்தட்டும், அவன் நீட்டிய கை நீட்டியபடியே நிற்கட்டும்... வாந்தி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வயிறு இன்னும் கொண்டா என்றது. இத்தனை நாளாய் இந்த வாடைக்குக் குமட்டிக்கொண்டு வந்ததே, அது குமட்டல்தானா, பசியா? இரண்டாவது மடக்கு வாய்க்குள் நின்றது. செம்பு இன்னும் மண்ணைத் தொடவில்லை.