பட்டுக்குக் கீழே ஒரு முகம்

"புத்தகத்த எடுடி. பட்டுத்துணி போட்ட பக்கம்," என்றாள் சித்தி கத்தலீனா. சாகும் நேரத்தில் எண்ணெய் பூசும் அவஸ்தைச் சடங்கை முடித்த சாமியார் அப்போதுதான் படியிறங்கியிருந்தார். அவள் நெற்றியில் எண்ணெய் இன்னும் காயவில்லை.

ஜகோமினா அசையவில்லை. அந்த ஜெபப் புத்தகம் அவளைப் பெற்றவளுடைய சீதனம். அதில் ஒரு படத்தில் மாதாவின் முன்னால் முழங்காலிட்டபடி எழுதப்பட்டவளும் பெற்றவள்தான். அவள் செத்த மறுவருடம் கத்தலீனா வந்தாள். புரூஜ் நகரத்தில் புது மனைவி வந்தால், பழையவள் முகத்தின் மேல் புதியவள் முகத்தை எழுதிக்கொள்வது உண்டு. அப்பாவும் ஓவியனை வரவழைத்தார். ஏழு வயது ஜகோமினா அவன் கையைக் கடித்துவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடினாள். அதன்பின் முப்பது வருடம் அந்தப் புத்தகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வீம்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அதற்குள் அம்மாவின் முகமே மறந்துபோனது. அதுதான் அவளுக்கு ஆறாத துக்கம். கண்ணை மூடினால் இஞ்சி ரொட்டி வாசனை வரும், முகம் வராது.

"மாதா பாதத்த ஒரு தடவ முத்தி செஞ்சுக்கிறேன். அப்புறம் உன் வீம்ப நீயே வச்சுக்க."

"உங்க மூஞ்சிய நான் பார்க்கணுமாக்கும்!"

சாகிறவளிடம் இப்படிப் பேசியது அவளுக்கே சுட்டது. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். படத்தின் மேல் பச்சைப் பட்டு ஒன்று தைத்திருந்தது. கத்தலீனாவின் கல்யாண உடுப்பில் வெட்டியது. அதைத் தூக்கினாள்.

முத்தமிட்டு முத்தமிட்டு மாதாவின் பாதத்தில் வர்ணமே இல்லை. முழங்காலிட்டவளின் முகம் மட்டும் நேற்று எழுதியதுபோல இருந்தது. சற்றே வளைந்த மூக்கு. ஜகோமினாவின் மூக்கு.

"சித்தி... இது அம்மா."

"பின்ன யாரு? உன் பல்லு பட்டதுமே அந்த ஓவியனுக்குப் பாதி ஆசை போயிடுச்சு. விலாங்கு மீன் ஆக்கிப்போட்டு, படத்தத் தொடவிடாம நான்தான் அனுப்பிவச்சேன்."

"ஏன் சொல்லல?"

"எத்தன தடவ திறந்து வச்சேன். நீ எங்கடி நின்ன?"

ஜகோமினா புத்தகத்தை அவள் உதட்டருகே பிடித்தாள். மாலை மணி அடிக்குமுன் மூச்சு அடங்கிவிட்டது.

வேலைக்காரி பார்தா உடம்பைக் கழுவத் தண்ணீர் சுட வைத்தாள். ஜகோமினா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எதிலும் கத்தலீனாவின் படம் இல்லை.

"பட்டு போட்ட பக்கத்துக் கீழ் ஓரத்தப் பாருங்கம்மா," என்றாள் பார்தா. "உங்க சித்தி கட்டைவிரல் வச்சு வச்சு எப்படிக் கறுத்துக் கிடக்கு. ரொட்டித் துண்டால தேய்ச்சா போயிடும். தேய்ச்சுத் தரட்டா?"

"வேணாம் பார்தா. அது இருக்கட்டும்."

ஜகோமினா பட்டை இறக்கிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.