ஆளுக்குப் பாதி மாத்திரை

முப்பத்தாறு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். முழங்காலை மடக்கினால் வரும் சத்தத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் யாரோ வந்துவிட்டதாகக் கதவைத் திறப்பார்கள். மச்சான் பாடு அதைவிட மோசம். என் மனைவியின் அண்ணன், எங்கள் மாடியில் இருக்கிறார், தையல்காரர். மிஷினை மிதித்து இரண்டு வருடமாகியிருந்தது. அது கண்ணில் படக்கூடாதென்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பல்கலைக்கழக மருத்துவமனையில் மூட்டுவலிக்கு ஒரு புது மாத்திரையைச் சோதிக்க ஆள் சேர்க்கிறார்கள் என்று கேட்டதும், நொண்டிக்கொண்டே ஓடினோம். நர்ஸம்மா பதினாலு பக்கத் தாளை மேசையில் விரித்தார்.

“பாதிப் பேருக்கு மருந்து உள்ள மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவு, ஆனா உள்ள மருந்து இருக்காது. ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டாத்தான் மருந்து நெஜமா வேலை செய்யுதான்னு தெரியும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.”

மச்சான் திறந்த வாயை மூட மறந்துவிட்டார். “டாக்டருக்கே தெரியாதா? அப்ப இங்க யாருக்கும்மா தெரியும்?”

“தெரிஞ்சா எங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும் ஐயா. மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். பிடிக்கலேன்னா எப்ப வேணா விலகிக்கலாம்.”

கையெழுத்துப் போட்டோம். மாத்திரை அட்டைகள் அடுக்கிய டப்பா ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் மச்சானுக்கு மனசு ஆறவில்லை.

“மாப்ள, ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு வெறும் மாவுன்னு ஆயிட்டா? நான் குதிச்சு ஓடி, நீ நொண்டிக்கிட்டிருந்தா என் தங்கச்சி என்னை உள்ள விடுவாளா?”

“அதுக்கு?”

“ரெண்டையும் நறுக்கிடுவோம். உன்னுதுல பாதி, என்னுதுல பாதி. யாருக்கும் மோசமில்ல.”

நூலிழை பிசகாத கை அவருடையது. தினமும் காலையில் பிளேடால் இரண்டு மாத்திரையையும் கச்சிதமாக நடுவில் பிளந்தார். காலி அட்டைகளின் எண்ணிக்கை எப்போதும் சரியாக இருந்ததால், எங்களைப் போல ஒழுங்கானவர்கள் இந்தச் சோதனையிலேயே இல்லை என்றார் நர்ஸம்மா. வெட்கப்படாமல் தலையாட்டினோம்.

ஆறாவது வாரம் மாடியில் கடகடவென்று சத்தம். மச்சான் மிஷினை மிதிக்கிறார்! ஒரே வாரத்தில் தெருவில் உறையில்லாத தலையணை ஒன்று கிடையாது. “அண்ணனுக்கு என்ன, பேய் பிடிச்சிருக்கா?” என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை முடிந்த மறுநாள் மச்சானுக்குப் போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “உங்க ஈரல் வீங்கியிருக்கு. ரத்தத்துல ஈரல் நொதி இருக்க வேண்டிய அளவைப் போல ஆறு மடங்கு காட்டுது. இப்படி ஆபத்து வந்தா மட்டும் அந்த ரகசியத்தைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. பார்த்தோம். உங்க டப்பாவுல இருக்கிறது மருந்தில்லாத மாத்திரை. அதனால இது எங்க மருந்தால வந்ததில்ல, வேற காரணம் தேடணும். மாத்திரையை நீங்க நிறுத்த வேண்டியதில்ல, தொடர்ந்து சாப்பிடலாம்.”

அவர் டப்பாவில் ஒன்றுமில்லை. ஆனால் முழங்கால் ஓடுகிறது, ஈரல் வீங்குகிறது. அப்படியானால் தினமும் காலையில் நான் நீட்டிய பாதிதான்!

மேசைக்கடியில் மச்சானின் கை என் தொடையைக் கவ்வியது. “ரொம்ப சந்தோஷம் டாக்டர். எந்திரி மாப்ள.”

நான் எழுந்திருக்கவில்லை.

“மாப்ள, பஸ் போயிடும்.”

“போகட்டும். டாக்டர், நாங்க ரெண்டு பேரும் மாத்திரையைப் பாதிப் பாதியாப் பங்கு போட்டுத் தின்னோம்.”

டாக்டரம்மாவின் கையிலிருந்த பேனா உருண்டு விழுந்தது. எடுக்க வந்த நர்ஸம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனை நாளா?” என்றார் டாக்டரம்மா.

“முதல் நாள்ல இருந்து.”

அவர் எங்கோ போன் போட்டு என் டப்பாவைப் பற்றிக் கேட்டார். மருந்துள்ளது. “உங்க மச்சானுக்கு இது ஒத்துக்கல. பாதி அளவுக்கே இந்த நிலைமை. நானே தொடர்ந்து சாப்பிடுங்கன்னு சொல்லி அனுப்பப் பார்த்தேனே! இன்னும் ஒரு மாசம் போயிருந்தா…” தண்ணீர் குடித்தார். அன்றே இரண்டு பேரையும் சோதனையிலிருந்து நீக்கினார்கள்.

மச்சான் மூன்று வாரம் என் பக்கம் திரும்பவில்லை. ரத்தத்தை மறுபடி பார்த்துவிட்டு வந்த அன்று, படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார். பாதியில் நின்று, நான் பக்கத்திலேயே நிற்க, தங்கச்சியைக் கூப்பிட்டார்.

“உன் வீட்டு டிரைவர்கிட்ட சொல்லு. ஈரல் வீக்கம் இறங்கிடுச்சாம். வலி பழையபடி ஏறிடுச்சாம். ரெண்டுக்கும் அந்த ஆளுதான் பொறுப்பாம்.”

அவள் என்னைப் பார்த்து ஓரெழுத்து விடாமல் ஒப்பித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.