எழும்பாத பால்

ஜேர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் இருந்த யூத முதியோர் இல்லத்தின் சமையலறைக்குள் இறைச்சி வந்தால் பால் கூரைக்கு எழும்பிவிடும். 1993 பங்குனியில் தொடங்கியது அது. பாலும் இறைச்சியும் ஒன்றுசேரக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். போத்தல் பால், தயிர், வெண்ணெய், நீலக் கைபிடி போட்ட பால் சட்டிகள் எல்லாம் குளிர்பெட்டியையும் அலுமாரியையும் முட்டித் திறந்துகொண்டு மேலே போய், இறைச்சிச் சட்டிகள் கழுவி முடியும்வரை அங்கேயே நிற்கும். ஒரு சொட்டும் சிந்தாது. சுகாதார அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்து, கூரை சுத்தம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சமையல் செய்வது மன்னாரிலிருந்து வந்த யாகோப்பு. பாத்திரம் கழுவுவது அவன் மனைவி டொறத்தி. உணவுச் சட்டத்தைக் கவனிக்கும் கிழவர் கிரின்பேர்க், ஒடெசாவிலிருந்து வந்தவர், அடுப்பை மட்டும் சட்டப்படி தன் கையால் பற்றவைப்பார், மற்றதெல்லாம் யாகோப்பு. வேலைக்கடிதம் ஆண்டுதோறும் அவர் எழுதவேண்டும். அது இல்லாவிட்டால் இருவருக்கும் விசா இல்லை.

நான்காம் ஆண்டு, கடிதத்துக்கு மூன்று நாள் இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை யாகோப்பு கோழிக்குள் டின் தேங்காய்ப்பாலை ஊற்றினான். மேலே தயிர் மிதந்துகொண்டிருந்தது. இந்தப் பால் மட்டும் சட்டிக்குள்ளேயே கொதித்தது. ஆனால் சோயா என்ற கிழவி யன்னலால் வெள்ளைக் குழம்பைக் கண்டுவிட்டாள். கால் மணித்தியாலத்தில் நாற்பது பேரும் சாப்பிட மாட்டோம் என்றார்கள்.

"எழும்பேல்லத்தானே, பாருங்கோ," என்று யாகோப்பு கெஞ்சினான்.

அது பால் இல்லையென்று தனக்குத் தெரியும், மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாதே என்றார் கிரின்பேர்க். பார்ப்பவர் பிழையாக நினைக்காதபடி, எதிலிருந்து பிழிந்ததோ அதைப் பக்கத்தில் வைக்கவேண்டும், அதுதான் வழக்கம். டின்னில் பால் என்றே எழுதியிருந்தது.

"தேங்காயைத் துருவப் பஞ்சிப்பட்டு டின்னை உடைச்சனீங்கள்," என்றாள் டொறத்தி. "இப்ப விசாவும் டின்னுக்குள்ள."

"வாய் காட்டாதையப்பா. ஓடு."

சபாத் என்ற ஓய்வுநாள் தொடங்கப் பத்து நிமிடம் இருக்க, தமிழ்க் கடையில் மிஞ்சிக் கிடந்த ஒற்றைத் தேங்காயோடு வந்தாள். யாகோப்பு அதை உடைத்தான். இரண்டு பாதி, நாற்பது பேர். முதல் மேசையில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

பாதிகள் இரண்டும் விரிப்பின் மேல் மெல்ல நகர்ந்தன. ஒவ்வொருவர் முன்னும் நின்றன. அவர் கரண்டியை எடுத்த பிறகே அடுத்தவரிடம் போயின. சோயா முன்னால் கனநேரம் நின்றன. அவள் குனிந்து மணந்துபார்த்தாள், விரலால் தட்டினாள், பிறகு குழம்பில் ஒரு வாய் எடுத்து, உறைப்புக் காணாது என்றாள்.

திங்கட்கிழமை கிரின்பேர்க் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தேங்காய் மேசை மேசையாக வரும்போது, கிழவர்கள் கதையை நிறுத்தாமலே தண்ணீர்க் கிளாசை ஓரமாக்கி வழிவிடுவார்கள்.