பதினோரு மணிக் கணக்கெடுப்பு

மல்லேனப்பள்ளி லைன் வீடுகளில் முப்பத்தெட்டுக் கதவுகளுக்கு நான் "பூட்டிய வீடு" என்று போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. நானேதான் போட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிகாரி, ஆப், சர்வர் என்று பழியைத் தூக்கி எவர் தலையிலாவது போட எனக்கும் தெரியும். இருபது வருஷமாக யூனியன் ஆபீசில் குப்பை கொட்டுகிறவளுக்கு அதுகூடத் தெரியாதா என்ன?

என் பெயர் ராஜலட்சுமி. திட்டப் பிரிவில் உதவியாளர். எந்த ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி, எந்த ஊருக்கு சிமெண்ட் ரோடு, எந்த ஊருக்கு அங்கன்வாடி என்று வருஷா வருஷம் ஊராட்சிகளுக்குத் திட்டம் போடுவார்கள் இல்லையா, அதற்கான தலைக்கணக்கு என் மேசையிலிருந்துதான் மேலே போகும்.

மல்லேனப்பள்ளி ஆறேழு வருஷத்துக்கு முன்னால் வெறும் தக்காளித் தோட்டம். சூளகிரிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் நிலத்துக்காரர்கள் தோட்டத்தை அழித்து ஒற்றை அறை வீடுகளாக வரிசை கட்டினார்கள். ஷீட் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் என்று எங்கிருந்தெல்லாமோ புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து குடியேறினார்கள். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து கொட்டும். ரேஷன் கார்டு சொந்த ஊரில், ஓட்டு சொந்த ஊரில். எங்கள் காகிதத்தில் அவர்கள் கிடையாது.

ஒரு காந்தி ஜெயந்தி கிராம சபையில்தான் பேச்சியம்மாளை முதலில் பார்த்தேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை. புருஷன் லாரி ஓட்டுகிறான், பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அதிகம். இடுப்பில் ஒரு நாலு வயதுப் பிள்ளையோடு எழுந்து நின்று மனுவைக் கொடுத்தாள்.

"எங்க லைனுக்கு ஒரு அங்கன்வாடி வேணும் மேடம். செல பேரு பிள்ளைய ஊருக்கு அனுப்பிட்டாங்க. நா அனுப்ப மாட்டேன். எம்பிள்ள எங்கூடத்தான் வளரணும்."

"பேர் என்ன பாப்பாவுக்கு?"

"இசக்கி."

இசக்கி என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். அப்படியொரு ஒட்டுதல். நான்கூடச் சிரித்துக்கொண்டே, "இந்த ஒட்டுப்புல்ல பிச்சி எடுத்து அங்கன்வாடில உடறதுக்கே ரெண்டு ஆளு வேணும் போலிருக்கே" என்றேன்.

தீர்மானம் நிறைவேறியது. இனி கணக்கெடுப்பு. ஆறு வயதுக்குள் குறைந்தது இருபத்தைந்து பிள்ளைகள் அங்கேயே வசிக்க வேண்டும் என்று எங்களுக்கு வந்த சுற்றறிக்கை சொன்னது. வீடு பூட்டியிருந்தால் வெவ்வேறு நாளில் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. மூன்று தடவை யார் போவார்? பெட்ரோல் யார் தருவார்? எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தடவை போவது, மூன்று தேதி போடுவது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். நானும் நாலு பேருக்கு அப்படியே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீசில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பதினொன்று. லைன் முழுக்க ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. கதவுக்குக் கதவு பூட்டுத் தொங்கியது. தட்டினேன். பூட்டின கதவைத் தட்டுவானேன் என்று கேட்காதீர்கள், விதி அப்படி. பதில் இல்லை. சாக்பீஸால் கதவில் பூ.வீ. என்று எழுதித் தேதி போட்டேன். ஒரு வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ பொம்மைப் படம். "டிவிய அமத்தக்கூட நேரமில்லாம ஓடறாங்க பாரு" என்று திட்டிவிட்டு அந்தக் கதவிலும் எழுதினேன்.

வீடுகளுக்குச் சொந்தக்காரி நாகம்மா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். "எவரூ லேரு மேடம். எல்லாரும் டூட்டிக்குப் போயிட்டாங்க. பொழுதெறங்கிதான் வருவாங்க" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னாள். சரி என்றேன். திறந்திருந்த வீடுகளில் ஒன்பது பிள்ளைகள் கணக்கில் வந்தார்கள். ஆபீசுக்குத் திரும்பி மதியச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மிச்சம் இரண்டு தேதிகளையும் போட்டு அனுப்பினேன்.

ஒரே மாதத்தில் பதில் வந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை போதவில்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. இந்த மாதிரிக் கடிதங்கள் மட்டும் எங்கள் துறையில் சுருக்காக வரும்.

ஊராட்சிப் பலகையில் அதை ஒட்டிய மறுநாள் பேச்சியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். அரைநாள் பர்மிஷன் போட்டிருந்தாள், கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன மேடம் இப்பிடி எழுதிட்டிய? ஒம்பது பிள்ளைதான்னு போட்டிருக்கு. எங்க வரிசையில மட்டுமே பதினஞ்சு பிள்ளைய இருக்கே!"

"நான் வந்தப்ப வீடெல்லாம் பூட்டிக் கெடந்ததும்மா. பூட்டுன வீட்ல யாரப் போயி எண்றது?"

அவள் மேசையை நெருங்கி வந்து சொன்னாள்.

"பிள்ளைய உள்ளதான மேடம் இருந்துச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. "உள்ளன்னா?"

"வெளிய பூட்டிட்டுத்தான் போவோம். சோத்த வச்சி, தண்ணிய வச்சி, டிவியப் போட்டு விட்டுட்டுப் போவோம். யாரு தட்டுனாலும் சத்தம் காட்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம். புது ஆளுக நடமாட்டம் ஜாஸ்தியாயிருக்கு, பயமாயிருக்குல்லா. கடைசி வீட்டு குல்ஷன் அக்கா தையல் மிஷின் வச்சிருக்கு, அதுதான் மணிக்கொருக்கா ஜன்னல் வழியாப் பாக்கும்."

முப்பத்தெட்டுக் கதவு. நான் தட்டத் தட்ட உள்ளே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிமிஷம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். மனுஷி என்றால் அதைத்தான் சொல்வாள். ஆனால் தப்புச் செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வரும். நான் கத்தினேன்.

"பச்சப் புள்ளயப் பூட்டி வச்சிட்டு வேலைக்குப் போறயே, நீயெல்லாம் ஒரு தாயா? தீ கீ புடிச்சா என்ன பண்ணுவ? கரண்டு கிரண்டு அடிச்சா? ஊர்ல ஒங்காத்தா அப்பன் யாரும் இல்லியா?"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. பேச்சியம்மாள் அழவில்லை. கோட்டு நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"தெரியும் மேடம். அதுக்குத்தான மனு குடுத்தேன்" என்றாள். "ஒரே ஒரு தடவ சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க. நீங்களே எண்ணிக்கோங்க."

"வரேன் போ" என்றேன்.

அவள் போனதும் விரிவாக்க அலுவலர் அசோக்குமார் என் மேசைக்கு வந்தார். நல்ல மனுஷர், எதையும் மெதுவாகத்தான் பேசுவார். "மேடம், திரும்பக் கணக்கெடுக்கணும்னா முதல்ல எடுத்தது தப்புன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். மூணு தேதி போட்டிருக்கீங்க. எப்படிப் போட்டீங்கன்னு கேப்பாங்க. பதவி உயர்வு லிஸ்ட்ல வேற ஒங்க பேரு நிக்குது. அடுத்த வருஷத் திட்டத்துல சேத்துக்கலாம், விடுங்க."

விட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஐந்து வாரம் விட்டேன். பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் ராத்தூக்கம் போய்விட்டது. எங்கள் தெருவில் பூட்டு எதைப் பார்த்தாலும் காதை வைத்துக் கேட்கலாமா என்று தோன்றும். கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வருவது வரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவைதான் போனேன், மூன்று தேதிகளில் இரண்டு பொய், கணக்கு தவறு. மெமோ வந்தது, லிஸ்டிலிருந்து பேரும் போனது. போகட்டும் சனியன்.

மறுவாரமே மறுகணக்கெடுப்புக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு சாயங்காலம் ஐந்தரைக்கே போய் லைன் முனையில் நின்றேன். ஆறு மணிக்கு பஸ் வந்தது. பெண்கள் இறங்கி நடக்கவில்லை, ஓடினார்கள். கையில் சாவியோடு ஓடினார்கள். பூட்டுகள் திறந்தன. அப்புறம் பாருங்கள், கதவுகளிலிருந்து ஒன்று இரண்டாகப் பிள்ளைகள் தெருவில் வந்து விழுந்தார்கள். ஒரே கூச்சல். ஒருத்தன் ஜட்டிகூடப் போடாமல் லைன் முழுக்க ஓடுகிறான். நான் போனையும் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதேன். ஐம்பது வயதுப் பொம்பளை, வெட்கமே இல்லாமல் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். நாற்பத்திமூன்று.

பேச்சியம்மாள் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"எங்கம்மா இசக்கி?"

"ஊருக்கு அனுப்பிட்டேன் மேடம். எங்க மயினி வந்து கூட்டிட்டுப் போச்சு. பதினெட்டு நாளாச்சு."

அண்ணன் மனைவியைத்தான் மயினி என்கிறாள். "நான் வரேன்னு சொன்னேனேம்மா…"

"நீங்க சொன்னதையேதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். தீப் பிடிச்சா என்ன பண்ணுவன்னு கேட்டியல்லா. அதுக்கப்புறம் ஒயர் கட்ட முடியல மேடம். நெனப்பு பூரா வீட்டுலதான். பீஸ் பீஸா ரிஜெக்ட் ஆவுது." என்னிடம் கோபமே இல்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. "அவ பேரையும் எழுதிக்கோங்க மேடம். அங்கன்வாடி வந்ததும் போயிக் கூட்டிட்டு வந்துருவேன்."

வசிக்காத பிள்ளையை எழுதக் கூடாது. எழுதினேன். நாற்பத்திநாலு.

இந்தத் தடவை கணக்கை ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒப்புதல் வர, இடம் பார்க்க, பணியாளர் போட என்று பதின்மூன்று மாதம் இழுத்தது. நாகம்மா தன் வரிசையில் இரண்டு அறைகளை இடித்து ஒன்றாக்கிக் கொடுத்தாள். பொங்கல் கழிந்து திறந்தார்கள். சம்பங்கி என்று ஒரு டீச்சர் வந்தாள், சுறுசுறுப்பான பெண். சுவரில் யானை, மாம்பழம் எல்லாம் வரைந்து, கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் ஏழு மணிக்கே திறந்து வைத்துவிடுவாள்.

திறந்த மறுவாரம் பார்வையிடப் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் பேச்சியம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் இசக்கியைக் கூட்டிவரப் போகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். புதுச் சிலேட்டு, புதுப் பை எல்லாம் வாங்கிக்கொண்டு போனாள் என்று குல்ஷன் சொல்லியிருந்தாள்.

"பாப்பா வந்துட்டாளா? உள்ள உட்டுட்டயா?"

தலையை ஆட்டினாள். "வரல மேடம்."

"ஏம்மா? ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாருக்கா. நல்லா வளந்துட்டா." பஸ் வரும் பக்கம் பார்த்தாள். "மயினியத்தான் இப்ப அம்மாங்குதா. நா தூக்குனா அலறுதா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டு வந்துட்டேன். ஒங்கூட வந்தா உள்ள வச்சிப் பூட்டிருவன்னு சொல்லி கம்பியப் பிடிச்சிக்கிட்டு அழுதா. சனமெல்லாம் பிள்ள பிடிக்கிறவளப் பாக்க மாதிரி என்னயப் பாக்கு. மயினிகிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். மன்னித்துவிடு என்று சொன்னால் அதைக் கேட்கிற நிலையிலா அவள் இருக்கிறாள்? ஐந்து வாரம் ஒரு காகிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன். அந்த ஐந்து வாரத்தில் ஒருத்தியின் பிள்ளை போய்விட்டது.

"பூட்டி வச்சிருந்தப்பயும் அவ எம்பிள்ளயா இருந்தா மேடம்" என்றாள். பஸ் வந்துகொண்டிருந்தது. கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "அவ பேர அடிச்சிருங்க. வேற பிள்ள யாராச்சும் வந்தா எடமாவும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

உள்ளே போனேன். சம்பங்கி வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று தொண்டை கிழியக் கத்தியது. பேரை அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் சம்பங்கி அந்த வரிக்கு வந்துவிட்டாள்.

"இசக்கி."

இசக்கியின் வீட்டு வரிசைப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஊருக்குப் போயிருக்கா டீச்சர், வந்துருவா!"