நான்கு தாளில் ஒரு தலையணை உறை

“பிரிண்டர் எதுக்கு சார் வேணும்?” என்று கடைப்பெண் கேட்டதும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேள்வி கேட்பதுதான் அவருக்குப் பழக்கம். வேலையில் இருந்த காலமெல்லாம் எந்தக் கோப்பு மேஜைக்கு வந்தாலும் ஓரத்தில் ‘விளக்கம் தேவை’ என்று எழுதி வந்த வழியே அனுப்பிவிடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே அதுதான் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

“படைப்பாக்கப் பணிகளுக்கு.”

“ஸ்கூல் புராஜெக்டா சார்?”

“வாழ்த்து அட்டை, அலங்காரக் காகிதம், அந்த மாதிரி. கலை சம்பந்தமானது.”

“ஓ, கிராஃப்ட். வீட்ல மேடம் பண்றாங்களா?”

“நான்தான் பண்றேன்.”

கடைப்பெண் சிரிக்கவில்லை. வந்த சிரிப்பைப் பாதி வழியிலேயே மடக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அவர் ஏற்கெனவே இரண்டு கடைகளில் விசாரித்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார். கொள்முதல் குழு என்று ஒன்று இருந்தால் அதன் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. ஆனாலும் குழுவுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. லேசரில் எழுத்து நன்றாக வரும், பூ வராது என்றாள் அவள். குப்பியிலிருந்து மை ஊற்றிக்கொள்ளும் வகைதான் கலருக்குச் சரி. பின்பக்கத்தில் தாள் போடும் வழி இருந்தால் தடித்த அட்டையும் மடங்காமல் போகும். மேலே ஸ்கேனர் கண்ணாடி இருக்கிறது, துணி, இலை, எதை வைத்தாலும் படமெடுத்துக்கொள்ளும். பணத்தை வாங்கிக்கொண்டபிறகு ஒன்று சொன்னாள்.

“வாரத்துக்கு ஒரு தடவையாவது கலர்ல ஒரு பக்கம் அடிச்சிருங்க சார். சும்மாவே வெச்சிருந்தா மை காய்ஞ்சு, மை தெளிக்கற பிரிண்டர் தலை அடைச்சுக்கும்.”

“அடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா?”

“இல்லேன்னாலும் அடிக்கணும் சார்.”

விஷயம் இதுதான். மனைவி மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் மகளின் பிரசவத்துக்குப் போனாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மூன்று மாதம் எப்போது முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள் என்று அவருக்குத் தோன்றும். சொல்லியும் வராவிட்டால் என்ற நினைப்பு பின்னாலேயே வரும். அதனால் தினமும் ஃபோனில் தான் சாப்பிட்டதையும் மாத்திரை போட்டதையும் மட்டும் அறிக்கையாகத் தருவார். அவளும் அதை ஏற்றுக்கொண்டு வைத்துவிடுவாள்.

போன மாதம் ஒருநாள் பேச்சுவாக்கில், “நானும் குட்டியும் காகிதம் வெட்டி ஒட்டிக்கிட்டிருக்கோம். ஒரு கலர் பிரிண்டர் இருந்தா எவ்வளவோ செய்யலாம்” என்றாள். அவருக்குள் ஒரு பொறி தட்டியது. பிரிண்டர் இருக்குமிடத்துக்கு ஆள் வரும்.

“நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்” என்றார்.

“உங்களுக்கு எதுக்குங்க அது?”

“ஏன், எனக்குக் கலை ஆர்வம் இருக்கக்கூடாதா?”

 “இருக்கலாம், இருக்கலாம்” என்றாள், ஜுரம் வந்தவரிடம் பேசுவதுபோல. அன்றிலிருந்து அவர் கலைஞர்.

பிரிண்டர் சாப்பாட்டு மேஜையில் அவள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தது. மை ஊற்றியதில் விரல் நீலமானது. அது போகிறவரைக்கும் கலைஞனின் கை என்று அவரே அதைப் பார்த்துக்கொண்டார். முதல் வாரம் கண்ணாடியில் வேப்பிலை, இரண்டாம் வாரம் சாவிக்கொத்து. மூன்றாம் வாரம் வைப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் தன் உள்ளங்கையை வைத்து மூடியை மெல்லச் சாய்த்தார். தாளில் வந்த கை யாருடையதோ மாதிரி இருந்தது. அதைக் கிழித்துப்போட மனமில்லாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார்.

அவள் பிறந்தநாள் நெருங்கியது. அட்டைக்கு ஓரத்தில் பூ வேண்டுமே என்று அலமாரியைக் குடைந்தபோது அவள் தலையணை உறை அகப்பட்டது. கல்யாணமான புதிதில் அவளே போட்ட பூவேலை. வெள்ளைத் துணியில் சிவப்புப் பூக்கள், பச்சைக் கொடி. “இது என்ன வேலையத்த வேலை?” என்று அவர் அப்போது கேட்டிருந்தார். ‘விளக்கம் தேவை’யை வீட்டு மொழியில் சொன்னால் அப்படித்தான் வரும். அவள் விளக்கம் எதுவும் தரவில்லை. அதற்கப்புறம் ஊசியும் எடுக்கவில்லை. இப்போது கண்ணாடியில் உறையை விரித்து, படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எந்தப் பூவும் இன்னொரு பூவைப்போல இல்லை. ஒன்றின் நடுவில் மட்டும் மஞ்சள் நூலால் ஒரு புள்ளி. இத்தனை வருஷம் அதற்குப் பக்கத்தில்தான் தலை வைத்துப் படுத்திருந்தார்.

வெளிப்பக்கம் பூ. உள்ளே என்ன எழுதுவது? ‘தங்களின் பிறந்தநாளை முன்னிட்டு’ என்று தொடங்கியதை அவரே சகிக்காமல் அழித்தார். ‘நீ இல்லாமல்’ என்று தட்டிவிட்டு, யாரோ பின்னால் நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்து, அதையும் அழித்தார். கடைசியில் நின்றது இது: ‘பிறந்தநாள் வாழ்த்துகள். இங்கு பிரிண்டர் நல்ல நிலையில் இயங்குகிறது.’ இதற்குமேல் ஒரு மனிதன் மனதைத் திறந்து காட்ட முடியாது என்று அவருக்குப் பட்டது.

சாதாரணத் தாளில் இருபக்கமும் அடித்துப் பார்த்தார், ஒழுங்காக வந்தது. பிறகு தடித்த அட்டையைப் போட்டு, தாள் வகையை மாற்றி, அடித்து, மடித்து, பின்புறம் கையெழுத்திட்டு, கவரில் போட்டு ஒட்டி, மேலே ‘பிறந்தநாளன்று திறக்கவும்’ என்று எழுதினார். பிரித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டதை மறுபடி படிப்பது அதிகாரிக்கு அழகில்லை. கூரியரில் கொடுத்துவிட்டு வந்து, படுக்கையறையை ஒட்டடை அடித்தார். அவள் தலையணையை வெயிலில் காயவைத்தார். வாரங்கள் போயின, பிரிண்டர் பக்கமே திரும்பவில்லை. அது வந்த வேலை முடிந்துவிட்டது, இனி ஆள் வரவேண்டியதுதான் பாக்கி.

பிறந்தநாளன்று மத்தியானம் அவளே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு வழிந்தது.

“என்னங்க, உள்ள எழுத்து எல்லாம் தலைகீழா இருக்கு.”

தாள் வகையை மாற்றியதும், மறுபக்கம் அடிக்கத் தாளைப் புரட்டும் முறையும் தானாக மாறிவிடும் என்பதை அவர் கவனித்திருக்கவில்லை. “திருப்பிப் படிச்சா சரியா இருக்கும்” என்றார்.

“திருப்பித்தான் படிச்சேன். குட்டி அதைப் பாத்துட்டு தலைகீழா நின்னு படிக்கறா.” பிறகு குரல் தணிந்தது. “அந்தப் பூ என்னோடதுதானே? அதை இன்னுமா வெச்சிருக்கீங்க?”

“ம்.”

இதுதான் சமயம். வாய்வரைக்கும் வந்தது. அவர் மூச்சை இழுத்துக்கொண்ட அந்த இடைவெளியில் அவள் உற்சாகமாகத் தொடர்ந்தாள்.

“காலையில உங்க அட்டையைப் பாத்துட்டு மாப்பிள்ளையும் கையோட அதே மாதிரி பிரிண்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாருங்க. இனி எல்லாம் இங்கேயே பண்ணிக்கலாம். அந்த உறையை அனுப்பி வைங்க, குட்டிக்குக் காட்டணும். நானும் மறுபடி ஊசி எடுத்திருக்கேன், தெரியுமா? இத்தனை வருஷத்துக்கு அப்புறம்.”

அவர் விளக்கம் கேட்கவில்லை.

“அனுப்பறேன்” என்றார். “நல்லா வந்திருக்கு அந்தப் பூ. அந்த மஞ்சப் புள்ளி.”

அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. குழந்தை கூப்பிட்டது. “மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டு வைத்துவிட்டாள்.

உறையை மடித்துக் கவரில் போட்டார். ஒட்டவில்லை. வெளியே எடுத்து, மேஜைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியில் விரித்தார். உறை பெரிது, கண்ணாடி சிறிது. நான்கு தடவையாக வைக்கவேண்டியிருந்தது. மூடிக்கு அடியில் வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போயிற்று. சும்மா கிடந்ததில் சிவப்பு அடைத்துக்கொண்டிருந்தது. பூக்கள் சீப்பால் வாரியதுபோல வரிவரியாக வந்தன. கொடி மட்டும் பச்சையாக இருந்தது. பிரிண்டர் தலையைச் சுத்தம் செய்யச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். உள்ளே ஏதோ நெடுநேரம் முனகிற்று.

பிறகு வந்த தாள்களில் முன்னைவிடக் கொஞ்சம் சிவப்பு இருந்தது. நான்கையும் எடுத்துப்போய் உறையில்லாத அவள் தலையணையின்மேல் பொருத்தி வைத்தார். பொருந்தவில்லை. ஓரங்களில் பிரிண்டர் விட்டிருந்த வெள்ளையில் கொடி அறுந்து, ஒரு விரல்கடை தள்ளி அடுத்த தாளில் மறுபடி தொடங்கியது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் எழும்பின. ஒரு மூலையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார், இன்னொன்றில் மாத்திரை டப்பாவை. மற்ற இரண்டு மூலைகளையும் கையால் அழுத்திக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். மேஜையில் மூடி திறந்தே கிடந்தது; கண்ணாடியின்மேல் அந்த உறை, அனுப்புவதற்காக.